கைப்பிடிக் கொக்கி சொல்லும் சேதி: எந்த ராடுக்கு எந்த ரீல்?

கேள்வி: திருவொற்றியூரில் கடலுக்குள் நீளும் கல்தடுப்பான தூண்டில் வளைவில் ஞாயிறுதோறும் மீன் பிடிக்கிறேன். ஏழடி ராடும் 6000 அளவு ஸ்பின்னிங் ரீலும் தனித்தனியே வாங்கினேன். எவ்வளவு பலமாக வீசினாலும் தூரம் போகவில்லை. தூண்டில் நரம்பு கம்பில் படபடவென்று அடிக்கிறது. கைப்பிடியில் துப்பாக்கி விசை போல ஒரு கொக்கியும் இருக்கிறது. ரீலை மாற்றுவதா, ராடை மாற்றுவதா?

பதில்: அந்தக் கொக்கியிலேயே விடை இருக்கிறது. ரீலைக் கம்பின் மேற்புறம் பொருத்தும் பெய்ட்காஸ்டிங் ராடுகளில்தான், விரல் பிடிப்புக்காக அது வைக்கப்படுகிறது. அவ்வகை ரீலில் ஸ்பூல், அதாவது நரம்பு சுற்றியிருக்கும் உருளை, சுழன்று நரம்பை நேராக விடுவதால், கம்பில் நரம்பு கோக்கும் வளையங்கள் சிறியனவாக இருந்தாலே போதும். ஸ்பின்னிங் ரீலோ கம்பின் கீழே தொங்குவது; வீசும்போது அதன் ஸ்பூல் சுழல்வதில்லை, நரம்புதான் அதன் விளிம்பைத் தாண்டிச் சுருள் சுருளாக வெளியேறுகிறது. அந்த அகலமான சுருளை வாங்கி, அடுத்தடுத்த வளையங்களில் படிப்படியாக ஒடுக்கி நேராக்குவதற்கு முதல் வளையம் பெரியதாக இருக்க வேண்டும். உங்கள் ராடின் முதல் வளையத்தில் சுண்டுவிரலுக்கு மேல் எதுவும் நுழையவில்லை என்றால், நரம்பு முட்டி மோதுவது அங்கேதான்.

ராடை மாற்றுங்கள் என்பதே என் பரிந்துரை. மேலமரும் ரீலை வாங்கி இருக்கும் ராடைக் காப்பாற்றலாமே என்று தோன்றும். ஆனால் கடற்காற்று முகத்தில் அடிக்கும் இடத்தில் தூண்டில் காற்றில் தயங்க, ஸ்பூல் மட்டும் வேகம் குறையாமல் சுழன்று, ஸ்பூலைக் கட்டைவிரலால் அழுத்தி அடக்கப் பழகாதவருக்கு நரம்பைக் காக்கைக்கூடு ஆக்கிவிடும். 6000 ரீலுக்கு ஒன்பது அல்லது பத்தடி ஸ்பின்னிங் ராடு பொருந்தும். நீளம் கூடினால், மீனை இழுக்கும்போது நரம்பு பாறையில் உரசாமல் மேலே நிற்கும் என்ற வசதியும் உண்டு. கம்பின் மேல் அச்சிட்டிருக்கும் எடை வரம்பு, நீங்கள் கட்டும் ஈயத்துக்கும் இரைக்கும் இடம் தருகிறதா என்றும் பாருங்கள். 6000 என்ற எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு நிறுவனத்தின் 6000 இன்னொன்றின் 6000-ஐவிடச் சிறியதாக இருக்கலாம். ஆகவே ரீலைக் கடைக்கே எடுத்துச் சென்று பூட்டி, ரீல் காலுக்கு (கம்பில் பூட்டும் பகுதிக்கு) சற்று முன்னால் கம்பை ஒரு விரல் மேல் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய சமமாக நின்றால் மணிக்கட்டு நோகாது.

பழைய ராடை விற்றுவிட வேண்டாம். எண்ணூர் முகத்துவாரத்தில் கொடுவாய் மீனுக்காகப் படகிலிருந்து குறுகிய தூரம் குறிபார்த்து வீசுவதற்கு, சிறிய பெய்ட்காஸ்டிங் ரீலோடு அது நன்றாகவே உழைக்கும். கரையிலிருந்து அங்கே வீசுவதானால் 3000 அல்லது 4000 ஸ்பின்னிங் ரீலும் ஏழெட்டு அடி ஸ்பின்னிங் ராடும் போதும்.

புதிய ஜோடி கைக்கு வந்ததும், மீன் பலமாக இழுத்தால் நரம்பை வழுக்கி விடும் ரீலின் பிடிமானமான டிராகைச் சரிசெய்யுங்கள். அது நரம்பின் தாங்குதிறனில் கால் பங்கு இருக்கலாம். 20 பவுண்டு (சுமார் 9 கிலோ) நரம்பானால், முனையை ஒரு ஸ்பிரிங் தராசில் கட்டி, ராடை வளைத்து இழுக்கும்போது முள் இரண்டேகால் கிலோவைத் தொடும் நேரத்தில் ஸ்பூல் வழுக்க ஆரம்பிக்க வேண்டும்.