வடிகட்டியும் ஏரித் தண்ணீர் ஏன் மஞ்சளாகவே இருக்கிறது?

கிருஷ்ணகிரி பக்கத்து ஏரித் தண்ணீரைத் துணியில் வடிகட்டியும் மஞ்சள் போகவில்லை, காய்ச்சினால் போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகாது. மண் துகள் வடிந்த பிறகும் நிற்கும் அந்த நிறம் பெரும்பாலும் கரைந்த கரிமப் பொருளுடையது, 0.45 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளையுள்ள வடிகட்டியையே தாண்டிவிடும். இலை, வேர், பாசி மக்கி உண்டான ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளின் கலவை அது. எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். அப்புறம் ஆக்சிஜன், ஹைட்ரஜன், கொஞ்சம் நைட்ரஜன், கந்தகம். நிறம் தருபவை முக்கியமாக ஹியூமிக், ஃபல்விக் அமிலங்கள். செடிகளுக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளிலிருந்து வந்த பென்சீன் வளையங்கள் (ஆறு கார்பன் அணுக்கள் சேர்ந்த வளையங்கள்) அவற்றில் நிறைய. அவை நீல ஒளியை உறிஞ்சுவதால் மிச்சம் மஞ்சளாகத் தெரிகிறது.

கிருமியைக் கொல்லக் குளோரின் போடுவது வழக்கம். ஆனால் இந்தக் கரிமப் பொருளோடு அது சேர்ந்தால் குளோரோபார்ம் போன்ற கேடான பொருள்கள் உருவாகும். 1974இல் வெளிவந்த உண்மை இது. எனவே முதலில் படிகாரம் போட்டுத் தெளியவிடுங்கள், கரிமப் பொருளில் கணிசமான பகுதி அடியில் படிந்துவிடும். அதற்குப் பிறகே குளோரின்.