அவர்கள் இன்றே அனுப்பலாம், நான் மட்டும் 90 நாள் இருக்க வேண்டுமா?

கேள்வி: கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான்கு வருடம் ஊழியராக இருந்தேன். 2025 ஏப்ரலில் என்னைக் கன்சல்டன்ட் ஆக்கினார்கள். மாதம் 1,50,000 ரூபாய், 10% டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) போக மீதி வரும். பிஎஃப் கிடையாது. நிறுவனம் என்னை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அன்றைக்கே நிறுத்தலாம். நான் விலகினால் 90 நாள் நோட்டீஸ் தர வேண்டும், இல்லையென்றால் மூன்று மாதக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. வேறொரு வாடிக்கையாளர் ஒரு மாதத்தில் வரச் சொல்கிறார். இவர்களோ, பாக்கி இருக்கும் இரண்டு மாத இன்வாய்ஸ் பணம் 3 லட்சத்தைக் கழித்துக்கொள்வோம், மீதி 1.5 லட்சத்தைக் கட்டிவிட்டுப் போங்கள் என்கிறார்கள். அந்த 4.5 லட்சத்தை வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியுமா? இப்படி ஒரு நோட்டீஸ் ஷரத்து இருந்தாலே வருமான வரித் துறை என்னைச் சம்பளக்காரியாகத்தான் பார்க்கும் என்கிறாள் தோழி. உண்மையா?

பதில்: தோழி சொன்னதில் பாதி சரி. நோட்டீஸ் ஷரத்து ஒன்றை மட்டும் வைத்து உங்களை ஊழியர் என்று யாரும் முடிவு செய்ய மாட்டார்கள். ஆனால் அதோடு என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். எனக்குக் கவலை தருவது 90 நாளைவிட, ‘நான்கு வருடம் ஊழியர், பிறகு அதே நிறுவனத்தில் கன்சல்டன்ட்’ என்ற வரிதான்.

முதலில் எவ்வளவு பணம் சம்பந்தப்பட்டது என்று பார்த்துவிடுவோம். வருடத்துக்கு 18 லட்சம் வரவு. நீங்கள் உண்மையிலேயே சுயதொழில் செய்பவர் என்றால் வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 44ஏடிஏ உங்களுக்குப் பொருந்தும். தகவல் தொழில்நுட்பமும் அந்தப் பிரிவு ஏற்கும் தொழில்களில் ஒன்று. வரவில் பாதியை, அதாவது 9 லட்சத்தை, வருமானமாகக் காட்டினால் போதும். கணக்குப் புத்தகம் வேண்டாம், ஆடிட் வேண்டாம். 2025-26 நிதியாண்டுக்கான புதிய வரி முறையில் 9 லட்சத்துக்கு 30,000 ரூபாய் வரி வரும். 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்குக் கிடைக்கும் 87ஏ தள்ளுபடியில் அதுவும் கழிந்துவிடும். கட்ட வேண்டியது பூஜ்யம். நிறுவனம் பிடித்த டிடிஎஸ் 1.8 லட்சமும் உங்களுக்கே திரும்பி வரும்.

இதே 18 லட்சம் சம்பளம் என்று ஆனால்? நிலையான கழிவு 75,000 போக 17.25 லட்சத்துக்கு வரி. செஸ் சேர்த்து 1,50,800 ரூபாய். அதே வேலை, அதே பணம். என்ன பெயரில் வருகிறது என்பதால் மட்டும் ஒன்றரை லட்சம் வித்தியாசம். அதனால்தான் ‘கன்சல்டன்ட்’ என்ற பெயருக்குப் பின்னால் உண்மையில் என்ன நடக்கிறது என்று துறை தோண்டிப் பார்க்கிறது. முதல் கேள்வி பெரும்பாலும் நிறுவனத்திடம்தான் வரும். பிரிவு 192-இல் சம்பளமாக டிடிஎஸ் பிடித்திருக்க வேண்டியவர், தொழில்முறைக் கட்டணத்துக்கான 194ஜே-யில் 10% மட்டும் பிடித்தது ஏன் என்று கேட்பார்கள். அது நிரூபணமானால் உங்கள் 44ஏடிஏ கணக்கும் நிற்காது.

இந்த வகை வழக்குகள் நம் நாட்டில் அதிகம் வந்தது ஆஸ்பத்திரிகளில் வேலை செய்யும் டாக்டர்கள் விஷயத்தில். புனே ரூபி ஹால் கிளினிக் வழக்கில் 2015-இல் மும்பை உயர் நீதிமன்றம், அங்கிருந்த கன்சல்டன்ட் டாக்டர்கள் ஊழியர்கள் அல்ல என்று சொன்னது. பிஎஃப் போன்ற சலுகைகள் அவர்களுக்கு இல்லை, வெளியே சொந்தமாக பிராக்டிஸ் செய்யலாம் என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் அந்த முடிவு. ஒப்பந்தத்தின் ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு தீர்ப்பு சொல்வதில்லை.

உங்கள் நிலைமையை அப்படியே பாருங்கள். வேறு வாடிக்கையாளருக்கு வேலை செய்ய ஒப்பந்தம் அனுமதிக்கிறதா? லீவுக்கு மேனேஜரிடம் அனுமதி கேட்கிறீர்களா? லேப்டாப் யாருடையது? காலை இத்தனை மணிக்கு லாகின் செய்ய வேண்டும் என்று இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் ஊழியராக இருந்த காலத்தில் இருந்ததைப் போலவே இருந்தால், 90 நாள் நோட்டீஸும் அந்தப் பக்கம்தான் எடை கூட்டும். ஒருதலைப்பட்ச நோட்டீஸ் என்ன காட்டுகிறது? முதலாளியாக இருந்து உங்களைப் பிடித்து வைக்கும் உரிமை அவர்களுக்கு வேண்டும், முதலாளிக்குரிய பொறுப்பு மட்டும் வேண்டாம். இதை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன். உங்களைப் போல எத்தனையோ பேர், சம்பளம் கூடியதாக நினைத்துக்கொண்டு, பிஎஃப், கிராஜுவிட்டி, வேலைப் பாதுகாப்பு எல்லாவற்றையும் சத்தமில்லாமல் இழந்திருக்கிறார்கள்.

சரி, 4.5 லட்சத்துக்கு வருவோம். அதை உடனே கட்டிவிடாதீர்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருக்கிறது என்பதால் அது அப்படியே வசூலாகிவிடாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 74-இன்படி அந்தத் தொகை ஓர் உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கேட்கலாம். இழப்பே ஏற்படவில்லை என்றால் இழப்பீடு இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இழப்பைக் கணக்கிடுவதே கடினமாக இருக்கும் இடங்களில், இரு தரப்பும் நேர்மையாக முன்கூட்டி மதிப்பிட்ட தொகையை நீதிமன்றம் ஏற்கலாம். உங்களை நாளைக்கே நிறுத்தத் தயாராக இருக்கும் நிறுவனம், நீங்கள் முப்பது நாளில் போனால் மூன்று மாதக் கட்டணம் அளவுக்கு நஷ்டம் என்று சொல்வது எளிதில் நம்பும்படியாக இல்லை. ஒருதலைப்பட்ச ஷரத்து இந்த இடத்தில் உங்களுக்குத்தான் உதவுகிறது. அப்புறம், தனிப்பட்ட திறமையை நம்பிய வேலையை ஒருவர் செய்தே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது. விஷயம் எப்போதும் பணத்தைப் பற்றியது மட்டும்தான்.

1986-இல் ஒரு அரசு நிறுவன ஊழியர் வழக்கில், ஒருதலைப்பட்சமாக வேலையைவிட்டு நீக்கும் விதியையே உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதை யாராவது எடுத்துக் காட்டினால் அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். இரு தரப்புக்கும் பேரம் பேசும் வலிமை ஏறக்குறைய சமமாக இருக்கும் வணிக ஒப்பந்தங்களுக்கு அந்தக் கொள்கை பொருந்தாது என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. நீங்கள் வரிக்கு ‘சுயதொழில்’, வழக்குக்கு ‘பலவீனமான ஊழியர்’ என்று இரண்டு பக்கமும் நிற்க முடியாது.

செலவாகக் காட்டலாமா என்றால், 44ஏடிஏ-வில் முடியாது. அந்தப் பிரிவில் எல்லாச் செலவும் அந்த 50 சதவீதத்துக்குள் அடங்கியதாகவே சட்டம் கருதுகிறது. தனியாக ஒரு ரூபாய்கூடக் கழிக்க முடியாது. அதை விட்டுவிட்டு முறையான கணக்குக்குப் போனால், ஒப்பந்தத்தை மீறியதற்காகத் தொழில் நிமித்தம் கொடுத்த இழப்பீடு என்று வாதிட்டுக் கழிக்கலாம். ஆனால் அதில் உங்களுக்கு லாபம் இல்லை. லேப்டாப், இன்டர்நெட், மற்றதெல்லாம் சேர்த்து 2 லட்சம் என்று வைத்தாலும், நோட்டீஸ் பணத்தோடு 6.5 லட்சம்தான் ஆகிறது. 44ஏடிஏ கேட்காமலே 9 லட்சம் தருகிறது. உங்கள் அளவு வரவுக்கு வரி ஏற்கெனவே பூஜ்யம் என்பதால், இந்தப் பணம் போனால் வரி வழியாக எதுவும் திரும்பாது. முழுக்க உங்கள் கையிலிருந்து போகும் பணம் அது. இதனால்தான் வரியைப் பற்றி யோசிப்பதற்கு முன் தொகையைக் குறைக்கப் பேசுங்கள் என்கிறேன்.

இங்கே நிறையப் பேர் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. நிறுவனம் உங்கள் 3 லட்சம் இன்வாய்ஸைக் கழித்துக்கொண்டால், பணம் கைக்கு வராததால் அது வரவே இல்லை என்று நினைத்துவிடுவோம். ஆனால் அவர்கள் கணக்கில் கட்டணம் 3 லட்சம் என்று வரவு வைத்து 30,000 டிடிஎஸ் கட்டியிருப்பார்கள். உங்கள் பெயரில் பிடித்த டிடிஎஸ்-ஐ வரித் துறை காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் முழுத் தொகையும் தெரியும். வருடாந்திர வரவை 15 லட்சம் என்று குறைத்துக் காட்டி, டிடிஎஸ்-ஐ மட்டும் முழுதாகக் கேட்டால் வருமான வரித் துறையிலிருந்து நோட்டீஸ் வரும். 18 லட்சத்தையே காட்டுங்கள். ஊழியர்கள் விஷயம் வேறு: நோட்டீஸ் பணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியாகக் கைக்கு வந்த சம்பளத்துக்குத்தான் வரி என்று அகமதாபாத் வருமான வரித் தீர்ப்பாயம் 2017-இல் சொன்னது. அதை உங்களுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

சமரசத்துக்கு வந்தால் ஒரு மாதத்துக்கான வேலையை ஒழுங்காக ஒப்படைத்துவிட்டு, கடைசி மாதக் கட்டணத்தை இரு தரப்பும் பேசிக் குறைத்து, அதற்கே இன்வாய்ஸ் போடுவது சுத்தமான வழி. வரவே குறைகிறது, டிடிஎஸ்-உம் அதற்கேற்பக் குறைகிறது. அதை எழுத்தில், இன்வாய்ஸ் போடுவதற்கு முன் செய்யுங்கள். நிஜமாகப் பேசி முடிவான தொகையாக இருக்க வேண்டும். பின்தேதி போட்ட காகிதம் வேண்டாம்.

ஜிஎஸ்டி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நிறுவனம் 4.5 லட்சத்தோடு 18% ஜிஎஸ்டியும் கேட்டால் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டாம். மத்திய மறைமுக வரி வாரியத்தின் 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட 178 எண் சுற்றறிக்கை, ஒப்பந்த மீறலுக்கான இழப்பீடு எந்தச் சேவைக்கும் விலை அல்ல, அதற்கு ஜிஎஸ்டி இல்லை என்கிறது. ஆனால் முன்கூட்டியே விலகும் வசதிக்காக ஒப்பந்தத்திலேயே நிர்ணயித்த கட்டணத்துக்கு ஜிஎஸ்டி உண்டு என்றும் அதே சுற்றறிக்கை சொல்கிறது. உங்கள் ஷரத்தில் ‘இழப்பீடு’ என்று இருக்கிறதா, ‘நோட்டீஸுக்குப் பதிலாகச் செலுத்தி விலகலாம்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் அவர்கள் வாதத்துக்குக் கொஞ்சம் இடம் உண்டு. உங்கள் சொந்த ஜிஎஸ்டி பதிவுக்கு வரம்பு வருடம் 20 லட்சம். 18-இல் இருக்கிறீர்கள், புதிய வாடிக்கையாளரின் பணம் அதே நிதியாண்டில் சேர்ந்தால் தாண்டிவிடலாம்.

புதிய வாடிக்கையாளரிடம் கையெழுத்திடும் முன் நோட்டீஸ் இரு பக்கமும் 30 நாள் என்று கேளுங்கள். அவர்கள் உடனே நிறுத்தினால் ஒரு மாதக் கட்டணம் தர வேண்டும் என்றும் எழுதச் சொல்லுங்கள். அப்படி வரும் பணம் வருமான வரிச் சட்டம் பிரிவு 28-இன்படி தொழில் வருமானம், வரிக்கு உட்பட்டது. பாதியை மட்டும் வருமானமாகக் காட்டாமல் முழுத் தொகையையும் சேர்த்துக்கொள்வது பாதுகாப்பு. வேறு வாடிக்கையாளர்களுக்கும் வேலை செய்யலாம் என்ற ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். அது உங்கள் சுதந்திரத்துக்கும் 44ஏடிஏ-வுக்கும் ஒரே நேரத்தில் காவல். வருமான வரிப் பிரிவு எண்களெல்லாம் 1961 சட்டப்படி சொல்லியிருக்கிறேன். 2026 ஏப்ரல் 1 முதல் வரும் வருமானத்துக்கு 2025 வருமான வரிச் சட்டம், அதில் எண்கள் வேறு.

சிறு, குறு தொழில்களுக்கான அரசின் உத்யம் இணையத் தளத்தில் குறுந்தொழிலாக இந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள், கட்டணம் கிடையாது. அதன் பிறகு நீங்கள் தொடங்கும் வேலைகளுக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதினாலும் 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இன்வாய்ஸை நிறுத்தி வைத்து மிரட்டும் வழக்கம் அடுத்த இடத்திலாவது உங்களிடம் செல்லாது. பழைய நிறுவனத்துக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: விலகும் தேதி, ஒப்படைக்கும் வேலைகளின் பட்டியல், 3 லட்சம் பாக்கியைக் கேட்பது, 4.5 லட்சத்துக்கு உண்மையான இழப்பு என்ன என்று கணக்கு கேட்பது. தொலைபேசியில் பேசினாலும், பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.