ஆஸ்கர் வாங்கிய பூனையும் எலியும்: பழைய கார்ட்டூன்கள் பற்றிக் கேள்வி பதில்

குழந்தைகளுக்குப் படம் வரையவும், வரைந்த படத்தை ஓட வைக்கவும் பல வருடங்களாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஜனவரியில் ஆஸ்கர் பரிந்துரைகள் வெளியானால் போதும், மார்ச்சில் விழா முடியும்வரை பெற்றோர்களிடமிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். பாதிக்கு மேல் பழைய கார்ட்டூன்களைப் பற்றித்தான். இந்த முறை வந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: டாம் அண்ட் ஜெர்ரி ஆஸ்கர் வாங்கியிருக்கிறது என்று என் கணவர் சாதிக்கிறார். கார்ட்டூனுக்கெல்லாம் ஆஸ்கர் கொடுப்பார்களா சார்?

உங்கள் கணவர் சொல்வது சரி. அதுவும் ஒன்றல்ல, ஏழு! அனிமேஷன் குறும்படத்துக்கான ஆஸ்கர் 1932-லிருந்தே இருக்கிறது. அதில் டாம் அண்ட் ஜெர்ரி படங்கள் 13 முறை பரிந்துரைக்கப்பட்டு 7 முறை வென்றன. முதலில் வென்றது 1943-இல் வந்த 'தி யாங்கீ டூடுல் மவுஸ்'. கடைசியாக வென்றது 'யோஹான் மவுஸ்', 1953 மார்ச் விழாவில். தொலைக்காட்சியில் முதன்முதலாக ஒளிபரப்பான ஆஸ்கர் விழாவும் அதுதான்.

இந்தப் படங்களை இயக்கியவர்கள் வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா என்ற இருவர். டாம் வாலில் அடிபட்டு அலறுவானே, அந்தக் குரலே ஹன்னாவுடையது. ஆனால் அன்றைய வழக்கப்படி விருது தயாரிப்பாளருக்குத்தான் போகும். ஏழு சிலைகளும் ஃப்ரெட் குவிம்பி கைக்குப் போயின. எனக்கு இது இன்னமும் ஆறாத விஷயம். அதனால் குழந்தைகளுக்குப் படம் போடும்போது, தொடக்கத்தில் பெயர்கள் வரும் இடத்தில் நிறுத்தி, இயக்கியவர்கள் பெயரைச் சத்தமாகப் படிக்கச் சொல்வேன்.

கேள்வி: மகனுக்கு ஆறு வயது. புதுப்புது முப்பரிமாணப் படங்கள் எத்தனையோ இருக்கின்றன. இவனோ எண்பது வருடத்துக்கு முந்தைய கார்ட்டூனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறான். அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

அந்தக் கார்ட்டூன்கள் குழந்தைகளை மட்டும் மனதில் வைத்து எடுத்தவை அல்ல. தியேட்டரில் முழுநீளப் படத்துக்கு முன்னால், செய்திப் படத்தோடு சேர்ந்து ஓடியவை. ஏழெட்டு நிமிடம்தான். அரங்கில் தாத்தாவும் இருப்பார், வேலை முடிந்து வந்த இளைஞனும் இருப்பான், மடியில் குழந்தையும் இருக்கும். அத்தனை பேரும் ஒரே நொடியில் சிரிக்க வேண்டும். ஆகவே பேச்சைக் குறைத்து, எல்லாவற்றையும் உடலசைவிலும் இசையிலும் சொன்னார்கள். மொழி தெரியாத குழந்தைக்கும் புரிவது அதனால்தான்.

'தி கேட் கான்செர்ட்டோ' என்ற படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1946-ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் வாங்கியது. டாம் கோட்டும் சூட்டுமாக மேடைக்கு வந்து பியானோ முன்னால் உட்கார்கிறான். இசையமைப்பாளர் லிஸ்ட்டின் 'இரண்டாவது ஹங்கேரியன் ராப்சடி' என்ற பியானோ இசையை வாசிக்கத் தொடங்குகிறான். பியானோவுக்குள்ளே ஜெர்ரி தூங்கிக்கொண்டிருக்கிறான். டாம் கட்டையை அழுத்த, உள்ளே சுத்தியல் எழும்ப, ஜெர்ரி தூக்கிப் போடப்படுகிறான். அவ்வளவுதான் கதை. மிச்சமெல்லாம் இந்த இருவரும் அந்த ஒரு பியானோவுக்குள் செய்யும் சண்டை. வாசிப்பு மட்டும் நிற்பதே இல்லை.

இதை வகுப்பில் போட்டபோது ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்றுவிட்டாள். ஜெர்ரி துள்ளும்போதெல்லாம் அவளும் துள்ளினாள், தாளம் தப்பாமல். படம் முடிந்ததும் என்னிடம் வந்து, "பியானோவுக்குள்ள சுத்தி இருக்கா?" என்று கேட்டாள். கட்டையை அழுத்தினால் உள்ளே சுத்தியல் போய்க் கம்பியைத் தட்டும் என்பதை அவளுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. ஒரு எலி அதன்மேல் படுத்துத் தூங்கியதால் தெரிந்துகொண்டாள். ஸ்காட் பிராட்லி இந்தத் தொடருக்கு அமைத்த இசை ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் அளந்து வைத்தது. அதனால் கண்ணும் காதும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. சின்னக் குழந்தைக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டாம் ஓடுவதற்கு முன் ஒரு கணம் பின்னால் சாய்வான், கவனித்திருக்கிறீர்களா? அனிமேஷன்காரர்கள் இதை முன்னசைவு என்போம். அடுத்து என்ன நடக்கப் போகிறது என்று உடம்பே முன்கூட்டிச் சொல்லிவிடும். குழந்தை அதைப் பார்த்து ஊகிக்கிறது. ஊகம் பலித்தாலும் சிரிப்பு, படம் ஏமாற்றினாலும் சிரிப்பு.

அப்புறம், சின்னது பெரியதை ஜெயிக்கிறது. உங்கள் மகன் உயரத்திலிருந்து வீட்டைப் பாருங்கள். மேசை, கதவு, மனிதர்கள், எல்லாமே அவனைவிடப் பெரியவை. ஜெர்ரி யார் பக்கம் என்று அவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கேள்வி: கறுப்பு வெள்ளை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார்களா?

முதல் அரை நிமிடம் திருப்பிக்கொள்வார்கள். 1928-இல் வந்த 'ஸ்டீம்போட் வில்லி'யில் மிக்கி கப்பலில் உள்ள விலங்குகளையெல்லாம் வாத்தியமாக்கி வாசிக்கும் இடம் வரட்டும், வண்ணம் இல்லை என்பதே மறந்துபோகும். அந்தப் படத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை 2024 ஜனவரி 1-உடன் முடிந்துவிட்டது.

கேள்வி: ஆரம்பகாலத்தில் டிஸ்னியே எல்லா விருதையும் வாங்கியதாகப் படித்தேன். செல்வாக்குதானே காரணம்?

இல்லை என்றே சொல்வேன். 1932 முதல் 1939 வரையிலான படங்களுக்கு, தொடர்ந்து 8 முறை, கார்ட்டூன் விருது வால்ட் டிஸ்னிக்கே போனது உண்மை. ஆனால் முதல் விருதை வாங்கிய 'ஃப்ளவர்ஸ் அண்ட் ட்ரீஸ்' எப்படி உருவானது என்று பாருங்கள். கறுப்பு வெள்ளையில் வேலை நடந்துகொண்டிருந்தது. டெக்னிகலர் நிறுவனத்தின் மூன்று வண்ண முறை தயாரானதும், செய்ததைத் தள்ளிவிட்டு வண்ணத்தில் மறுபடி செய்தார்கள். கார்ட்டூன்களுக்கு அந்த முறையைப் பயன்படுத்தும் தனி உரிமையையும் சில ஆண்டுகளுக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள். 1935 வரை மற்ற ஸ்டூடியோக்களிடம் அந்த முழு வண்ணம் கிடையாது. போட்டி சமமாக இல்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். கைவேலையில் குறை சொல்ல முடியாது.

கேள்வி: பக்ஸ் பன்னிக்கு எத்தனை ஆஸ்கர்?

ஒன்றுதான். 1958-இல் வந்த 'நைட்டி நைட் பக்ஸ்'. அதைவிட நூறு மடங்கு நல்ல பக்ஸ் பன்னி படமான 'வாட்ஸ் ஓப்பரா, டாக்?' 1957-இல் வந்து பரிந்துரைகூடப் பெறவில்லை. சக் ஜோன்ஸ் இயக்கியது. ஆனால் 1992-இல், பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலான அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பிடித்தது. விருதுப் பட்டியலை மட்டும் வைத்துப் படம் தேடினால் இந்த மாதிரி ரத்தினங்கள் கைநழுவிவிடும்.

கேள்வி: சுத்தியலால் அடிப்பதும் வெடி வைப்பதுமாக இருக்கிறதே அண்ணா. குழந்தை அதைப் பார்த்துத் தங்கையை அடித்தால்?

இந்தப் பயம் நியாயமானது, நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நாலு வயதுக் குழந்தைக்கு நிஜம் எது, படம் எது என்ற கோடு இன்னும் உறுதியாக விழுந்திருக்காது. நான் செய்வது இதுதான்: பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். டாம் தட்டையாகிச் சுவரில் ஒட்டும் இடத்தில், "நிஜப் பூனைன்னா என்ன ஆகும்?" என்று கேட்பேன். "வலிக்கும், டாக்டர்கிட்ட போகணும்" என்று பெரும்பாலான குழந்தைகள் சொல்லிவிடுவார்கள். பதில் சொல்லத் தெரியாத குழந்தைக்கு இன்னும் வயது வரவில்லை, ஒரு வருடம் பொறுங்கள். பார்த்ததை அப்படியே வீட்டில் செய்து பார்க்கும் குழந்தை என்றால் கொஞ்ச நாள் அடிதடி இல்லாத படங்களுக்கு மாற்றுங்கள். 1950-ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் வாங்கிய 'ஜெரால்ட் மெக்பாயிங் பாயிங்' நல்ல தேர்வு. வாயைத் திறந்தால் பேச்சுக்குப் பதிலாக விதவிதமான ஓசைகள் மட்டுமே வரும் ஒரு பையனின் கதை. பார்த்து முடித்த குழந்தைகள் நாள் முழுக்க ஓசை எழுப்பிக்கொண்டிருப்பார்கள், அதற்கு மட்டும் தயாராக இருங்கள்.

கேள்வி: பழைய படங்களில் கறுப்பின மக்களைக் கேவலமாகக் காட்டியிருக்கிறார்களே. அதைக் குழந்தைகளுக்குக் காட்டலாமா?

காட்ட வேண்டாம். குண்டு வெடித்ததும் முகம் கருகி வேறு இனத்தவர் போல ஆகும் 'நகைச்சுவை', டாம் அண்ட் ஜெர்ரியில் முகம் தெரியாமல் வரும் வேலைக்காரப் பெண்மணி, இவையெல்லாம் அன்றைய அமெரிக்காவின் இனவெறியிலிருந்து வந்தவை. அன்றும் தவறு, இன்றும் தவறு. பக்ஸ் பன்னியை உருவாக்கிய வார்னர் நிறுவனத்தின் கார்ட்டூன்களில் 11 படங்களை 1968-லேயே தொலைக்காட்சி ஒளிபரப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். மற்றவற்றில் இப்போது எச்சரிக்கை வாசகம் சேர்க்கிறார்கள். பெற்றோர் முதலில் தனியாக ஒருமுறை பார்த்துவிடுவதுதான் வழி. ஏழு நிமிடம்தானே. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு மறைக்காமல் காட்டி, ஏன் தவறு என்று பேசலாம்.

கேள்வி: இந்த வருடம் பரிந்துரையான அனிமேஷன் குறும்படங்களைக் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்றிருக்கிறோம். சரிதானே?

நல்ல யோசனை, ஆனால் ஒரு எச்சரிக்கை. அனிமேஷன் என்றாலே குழந்தைகளுக்கு என்று நினைத்து ஐந்தையும் வரிசையாகப் போட்டுவிடாதீர்கள். 2021 விழாவில் வென்ற 'இஃப் எனிதிங் ஹேப்பன்ஸ் ஐ லவ் யூ' பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் மகளைப் பறிகொடுத்த பெற்றோரைப் பற்றியது. அருமையான படம், ஆறு வயதுக் குழந்தைக்கு உரியதல்ல. 40 நிமிடத்துக்கு மிகாத எந்த அனிமேஷனும் இந்தப் பிரிவுக்குத் தகுதி பெறலாம். முதலில் 15 படங்களாகச் சுருக்கி, பிறகு 5 பரிந்துரைகளை அறிவிப்பார்கள். குழந்தைக்கு ஏற்றதா என்பது அங்கே அளவுகோலே இல்லை.

முழுநீளப் படங்களில் பார்க்க விரும்பினால் 2025 மார்ச்சில் வென்ற 'ஃப்ளோ'வைப் பாருங்கள். லாட்வியா நாட்டுக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர். பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்தது. வெள்ளத்தில் சிக்கிய பூனையும் மற்ற விலங்குகளும், முழுப் படத்திலும் ஒரு வார்த்தை பேச்சு இல்லை. டாம் அண்ட் ஜெர்ரிக்குச் சிரித்த குழந்தை இதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். சில இடங்கள் பயமாக இருக்கும், பக்கத்தில் இருங்கள்.

கேள்வி: "கார்ட்டூன் படத்துக்கு மட்டும் ஏன் தனி விருது?" என்று மகள் கேட்கிறாள். என்ன சொல்வது?

உங்கள் மகள் சரியான இடத்தில் பிடித்திருக்கிறாள். 1991-இல் வந்த 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' சிறந்த படத்துக்கான பிரிவிலேயே பரிந்துரையானது. அனிமேஷனுக்கு அது முதல்முறை. பத்து வருடம் கழித்து, 2002 விழாவில் முழுநீள அனிமேஷனுக்குத் தனி விருது வந்தது, 'ஷ்ரெக்' வாங்கியது. அதன் பிறகு பெரிய பிரிவுக்குள் நுழைந்தவை 'அப்', 'டாய் ஸ்டோரி 3' ஆகியவைதான் என் நினைவில் நிற்கின்றன. தனி நாற்காலி போட்டுக் கொடுத்ததால் பெரிய பந்தியில் இடம் குறைந்துபோனது என்பது என் எண்ணம்.

கேள்வி: வேகமான கார்ட்டூன் பார்த்தால் கவனம் சிதறும் என்கிறார்களே?

2011-இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. நாலு வயதுக் குழந்தைகள் 60 பேர். வேகமான கற்பனைக் கார்ட்டூனை 9 நிமிடம் பார்த்தவர்கள், அதன் பிறகு உடனே கொடுத்த கவனப் பயிற்சிகளில், படம் வரைந்த குழந்தைகளைவிடப் பின்தங்கினார்கள். பார்த்த உடனே என்ன ஆகிறது என்பதை மட்டும்தான் அது அளந்தது. பழைய கார்ட்டூனும் வேகம்தான், விதிவிலக்கு என்று சொல்ல மாட்டேன். ஆகவே வீட்டுப்பாடத்துக்கு முன்னால் வேண்டாம். ஒன்று, மிஞ்சினால் இரண்டு போடுங்கள். ஒவ்வொன்றும் ஏழு நிமிடத்தில் தானாக முடிந்துவிடுவது இவற்றின் பெரிய வசதி. தானாக அடுத்தது ஓடும் அமைப்பை மட்டும் அணைத்துவையுங்கள்.

கேள்வி: என் பையன் ஒரே படத்தை நாற்பது தடவை பார்த்துவிட்டான். நிறுத்தச் சொல்லலாமா?

நிறுத்தாதீர்கள். நாற்பதாவது தடவை அவன் கதையைப் பார்க்கவில்லை, அது எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்கிறான். ஒரு நாள் உட்கார்ந்து, அவனுக்குப் பிடித்த இடத்தில் படத்தை நிறுத்தி, ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திக் காட்டுங்கள். ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். பல இடங்களில் ஒரு ஓவியம் இரண்டு ஃப்ரேமுக்கு நிற்கும், ஆக நொடிக்கு 12 ஓவியம். வேகமாக ஓடும் இடத்தில் டாமுக்கு நாலைந்து கால்கள் இருப்பது போல வரைந்திருப்பார்கள், அதை அவனே கண்டுபிடிக்கட்டும்.

அப்புறம் ஒரு பழைய நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கி, ஓரத்தில் ஒரு பந்தை வரையச் சொல்லுங்கள். 12 பக்கம். பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் கீழே, தரையைத் தொட்டபின் கொஞ்சம் கொஞ்சமாக மேலே. தரையைத் தொடும் பக்கத்தில் மட்டும் பந்தைத் தோசை மாதிரித் தட்டையாக்கச் சொல்லுங்கள். விரலால் சரசரவென்று புரட்டினால் பந்து குதிக்கும். முதல்முறை அது குதிக்கும்போது அவன் முகத்தைப் பாருங்கள்.