ஊரோடு இருக்கும் டாக்டர் யார்?

கேள்வி: அப்பாவும் அம்மாவும் சென்னையை விட்டுச் சங்கரன்கோவிலுக்கே திரும்பிவிட்டார்கள். அப்பாவுக்கு 71 வயது, பி.பி. இருக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரை. அவசரம் என்றால் திருநெல்வேலி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். தொடர்ந்து பார்க்க ஒரு குடும்ப டாக்டரை எப்படித் தேடுவது?
– வாசகி, பெங்களூரு

பதில்: இருவரும் நன்றாக இருக்கும்போதே தேடிவிடுங்கள். காய்ச்சலோடு போனால், முதலில் கண்ணில் பட்ட கிளினிக்கில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

பொது மருத்துவம் பார்க்கும் எம்.பி.பி.எஸ். டாக்டரே போதும். எம்.டி. பொது மருத்துவம் படித்தவர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் உள்ளூரில் குடியிருப்பவராக இருக்க வேண்டும். வாரம் 2 நாள் வந்துபோகிற ஸ்பெஷலிஸ்ட் இதற்கு உதவமாட்டார். மருந்துச் சீட்டில் உள்ள பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை போகும்போது பி.பி. எப்படிப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். படியேறி வந்ததுமே பட்டையைச் சுற்றினால் அளவு கூடக் காட்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினாலும் அப்படித்தான். 5 நிமிடம் உட்காரவைத்து, கையை மேஜைமேல் நெஞ்சு மட்டத்துக்கு வைத்து, முதல் முறை இரண்டு கையிலும் பார்க்க வேண்டும். கூடுதலாகக் காட்டிய அளவை நம்பி மாத்திரையைக் கூட்டினால், அப்பாவுக்கு எழுந்து நின்றதும் தலை சுற்றும். நிற்கவைத்தும் ஒருமுறை பார்க்கிற டாக்டர் என்றால் அவரை விட்டுவிடாதீர்கள்.

அம்மாவின் செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலைப் பார்க்கிறாரா? மூன்று மாதச் சராசரி சர்க்கரை, வருடம் ஒருமுறை சிறுநீரகத்துக்காக ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், கண் விழித்திரைப் பரிசோதனை எல்லாம் கேட்கிறாரா?

பெயர் தெரியாத மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துத் தரும் இடம் வேண்டவே வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் அம்மாவுக்குச் சர்க்கரை எகிறும்; எதனால் என்று அடுத்த டாக்டருக்கும் புரியாது.

சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் மாத்திரை, லேகியம் உட்பட. வலி மாத்திரை பி.பி.யை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பழைய இ.சி.ஜி. தாளை ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். அந்த வழுவழுத் தாளில் கோடுகள் நாளாக நாளாக மங்கிவிடும்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் வழியாகவும் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் இலவசமாகக் கிடைக்கும். வாங்கினால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அம்லோடிபின் என்ற ஒரே பி.பி. மாத்திரையே இரண்டு இடத்திலிருந்து இரண்டு பெயரில் வந்து, அப்பா இரண்டையும் போட்டுக்கொண்டால் கால் வீங்கும்.