இதுக்கா அரங்கேற்றம் செய்தோம்?

மதிப்பிற்குரிய மேடம்,

நாங்கள் அமெரிக்காவுக்கு வந்து 22 வருடம் ஆகிறது. ஒரே மகள், வயது 19. வேறொரு மாநிலத்தில், பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். ஏழு வயதில் பரதத்தில் சேர்த்தோம், 15 வயதில் அரங்கேற்றம். அதற்காகவே என் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார். வர்ணம் முடிந்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கல்லூரியில் சேர்ந்த முதல் மாதமே, 'டான்ஸ் டீமில் எடுத்துக்கிட்டாங்கம்மா' என்று போனில் குதித்தாள். இந்தியப் பிள்ளைகள் சேர்ந்து ஆடுவார்களே, அந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அது பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ அணி. ஃபுட்பால், பாஸ்கெட்பால் ஆட்டங்களில் மைதான ஓரம் நின்று பாம்-பாம் என்ற பளபளக்கும் குஞ்சங்களை ஆட்டுகிறார்களே, அவர்கள்தான். அணியில் இவள் ஒருத்திதான் நம்மவள். அரைகுறை மனதோடு 'சரி, படிப்பு கெடாமல் பார்த்துக்கோ' என்றேன்.

இந்த ஜனவரியில் ஆர்லாண்டோவில் தேசியப் போட்டி நடந்தது. எங்களையும் கூப்பிட்டாள். லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டோம். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்குப் போகப் பிடிக்கவில்லை.

போட்டி முடிந்த நாலாம் நாள் எங்கள் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் ஒரு படம் வந்தது. யாரோ இன்ஸ்டாகிராமில் அவர்கள் ஆட்டத்தை நடுவில் நிறுத்திப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். ஒரு கால் தலைக்கு மேலே, உடம்பை ஒட்டிய உடை, முன்வரிசையில் என் மகள். கீழே ஆங்கிலத்தில் என்னென்னமோ எழுதியிருந்தது. 'இது நம்ம பாப்பாவா?' என்று கேட்டு என் நாத்தனார் மகன் அதை குரூப்பில் போட்டிருந்தான். 41 பேர் இருக்கிற குரூப்பில் இரண்டு மணி நேரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. அடுத்து வந்தது பூங்கொத்தோடு ஒரு 'இனிய காலை வணக்கம்'. அன்று ராத்திரி மாமியார் கூப்பிட்டார். திட்டவில்லை. 'அவளுக்கு அந்த டிரஸ்ஸை யாரு எடுத்துக் குடுத்தது?' என்று மட்டும் கேட்டார்.

அந்த ஆத்திரத்தில் மகளுக்கு போன் போட்டு, 'இதுக்கா உனக்கு அரங்கேற்றம் செய்தோம்?' என்று கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, 'அம்மா, நீ அந்த வீடியோவை முழுசா பாத்தியா?' என்றாள். 'பாக்க வேண்டியதைப் பாத்தாச்சு' என்றேன். போனை வைத்துவிட்டாள். ஐந்து வாரம் ஆகிறது. நான் பெரிதாக என்ன எழுதினாலும் 'ம்', 'கிளாஸ் இருக்கு' என்றுதான் பதில்.

'பணம் கட்டுறதை நிறுத்து, தானா வருவா' என்கிறார் கணவர். எனக்குப் பாதி மனசு அவர் பக்கம். மீதிப் பாதிக்கு, டான்ஸ் கிளாஸ் முடிந்து வந்ததும் என் மடியில் காலை நீட்டிப்போட்டு எண்ணெய் தேய்க்கச் சொல்லும் பிள்ளையின் ஞாபகம். நான் பத்தாம்பசலியா மேடம்? அவளை அணியிலிருந்து விலகச் சொல்வது தப்பா? சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரி,

என்னிடம் மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மகள் உங்களிடம் ஒன்று கேட்டிருக்கிறாள். அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். அந்த வீடியோவை முழுசாகப் பார்த்தீர்களா?

இந்தப் போட்டிகளில் ஓர் அணியின் ஆட்டம் ஏறக்குறைய இரண்டு நிமிடம். சாதாரண வீடியோவில் நொடிக்கு 30 படம் என்று வைத்தால் 3600 படங்கள் வரும். உங்கள் குடும்பக் குரூப்புக்கு வந்தது அதில் ஒன்று, அதுவும் முன்பின் தெரியாத ஒருவர் தன் நோக்கத்துக்கு ஏற்ற இடத்தில் நிறுத்தி எடுத்தது. அரங்கேற்ற ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். கண் பாதி மூடி, வாய் கோணலாக விழுந்த படங்கள் உங்கள் மகளுக்கும் இருந்திருக்கும். அவற்றைப் புகைப்படக்காரரே ஒதுக்கிவிட்டிருப்பார். இங்கே பொறுக்கியெடுத்தவருக்கு அவள் மீது அந்த அக்கறை இல்லை.

உங்கள் கடிதம் வந்த பிறகு நானும் உட்கார்ந்து இந்த ஆட்டங்கள் பத்துப் பன்னிரண்டு பார்த்தேன். நான் இவற்றின் ரசிகை என்று சொல்ல மாட்டேன். சிலவற்றில் தலையைச் சுழற்றிச் சுழற்றியே நேரத்தை ஓட்டிவிடுகிறார்கள், எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் ஜாஸ் என்ற நடனப் பிரிவில் ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு காலைப் பக்கவாட்டில் இடுப்பு உயரத்துக்கு நீட்டி, அதை இறக்காமலே மற்ற காலில் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். இருபது பேர் சேர்ந்து சுற்றும்போது இருபது கால்களும் ஒரே உயரத்தில், ஒரே நொடியில் ஒரே திசையைக் காட்ட வேண்டும். ஒருத்தி அரை நொடி பிந்தினாலும் நடுவருக்குத் தெரிந்துவிடும். பாம்-பாம் பிடித்து ஆடும் பிரிவில் கைகள் வெட்டியது போல நிற்க வேண்டும், ஹிப்-ஹாப்பில் தரையில் விழுந்து எழ வேண்டும். பரதத்தில் முட்டி மடக்கி நிற்கும் அரைமண்டியில் எத்தனை வருடம் உட்கார்ந்து பழகியிருந்தால் ஒரு பெண்ணுக்கு இந்தத் தொடை வலு வந்திருக்கும்! உங்கள் கேள்விக்கு ஒருவகையில் பதில் இதுதான். ஆமாம், இதற்கும் சேர்த்துத்தான் அரங்கேற்றம் செய்தீர்கள்.

திருவாலங்காட்டுக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், பரதம் படித்த உங்கள் மகளுக்கு நிச்சயம் தெரியும். சிவனுக்கும் காளிக்கும் நடனப் போட்டி. அவர் ஆடியதையெல்லாம் அவளும் ஆடுகிறாள், யார் ஜெயித்தார்கள் என்றே சொல்ல முடியவில்லை. கடைசியில் சிவனின் காதணி கீழே விழுகிறது. அவர் அதைக் காலாலேயே எடுத்து, காலைத் தலைக்கு மேல் தூக்கிக் காதில் மாட்டிக்கொள்கிறார். காளியால் முடியாதது இல்லை. சபையில் பெண் எப்படிக் காலைத் தூக்குவது என்று நாணி நின்றுவிடுகிறாள், தோற்றுப்போகிறாள். அந்தக் கோலத்துக்கு ஊர்த்துவ தாண்டவம் என்று பெயர் வைத்து, அந்த ஊர்க் கோயிலின் ரத்தின சபையில் நிறுத்திக் கும்பிடுகிறோம். சின்ன வயதில் இந்தக் கதை கேட்டபோது எனக்கு அது ஆட்டத்தில் தோற்ற தோல்வியாகவே தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. உங்கள் மகள் அந்த இடத்தில் நிற்காமல் காலைத் தூக்கிவிட்டாள், அவ்வளவுதான் நடந்தது.

'பரதம் என்றால் கௌரவம், இது அப்படியா?' என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்தக் கௌரவத்துக்கு இன்னும் நூறு வயதாகவில்லை. தேவதாசிகள் ஆடிவந்த பரதத்துக்கு அப்போது சதிர் என்று பெயர். 1930களின் தொடக்கத்தில் சென்னையில் அந்தப் பெயரைக் கேட்டாலே படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். அந்த ஆட்டமே ஒழிய வேண்டும் என்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும், காப்பாற்றப்பட வேண்டும் என்ற வழக்கறிஞர் இ. கிருஷ்ணய்யரும் 1932இல் பத்திரிகையில் மோதிக்கொண்டார்கள். 1935இல், பின்னாளில் கலாக்ஷேத்ராவால் பெயர்பெற்ற ருக்மிணி தேவி அடையாறில் மேடையேறியபோதும், நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு இது தேவையா என்ற முணுமுணுப்பு இருந்தது. உடை மாறியது, சிருங்காரம் அடக்கப்பட்டது, மேடை மாறியது. அதற்குப் பிறகுதான் நம் வீட்டுப் பெண்களை வகுப்புக்கு அனுப்பினோம். பரம்பரையாக அதை ஆடிவந்த பெண்களுக்கு அந்தக் கௌரவத்தில் பங்கு கொடுக்கவில்லை என்பது தனிக் கதை.

உங்கள் மகள் ஆடுகிற ஊரிலும் இந்தப் பெண்களுக்கு மரியாதை சுலபமாகக் கிடைப்பதில்லை. மைதான ஓரத்தில் நிற்கும்போது கூட்டத்துக்கு அவர்கள் இடைவேளை அலங்காரம். போட்டி மேடையில் அதே பெண்களிடம் நடுவர்கள் எதிர்பார்ப்பது தடகள வீராங்கனையின் உடம்பை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏவின் விளையாட்டுப் பட்டியலில் டான்ஸ் கிடையாது. அதனால் ஓட்டக்காரிக்கும் நீச்சல்காரிக்கும் கிடைக்கிற உதவித்தொகை, சிகிச்சை வசதி எல்லாம் இவர்களுக்குப் பல இடங்களில் அப்படியே கிடைப்பதில்லை. இவர்களுக்கு அக்கம்பக்கமான போட்டி சியர்லீடிங்கைக்கூட, கல்வி நிலையங்களில் ஆண்-பெண் சமவாய்ப்புக்கான சட்டத்தின்படி அன்றைய நிலையில் விளையாட்டாகக் கணக்கில் எடுக்க முடியாது என்று 2010இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது, 2012இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. 2024 ஜனவரியில் மினசோட்டா பல்கலைக்கழக அணியின் ஜாஸ் ஆட்டம் இணையமெங்கும் பரவியபோதுதான் இப்படி ஒரு போட்டி இருப்பதே பலருக்குத் தெரிந்தது. வாய் பிளந்து பார்த்தவர்களும் உண்டு, உடையைப் பற்றி மட்டும் பேசியவர்களும் உண்டு.

ஆக, வெளியில் ஒரு கூட்டம் 'இது விளையாட்டே இல்லை' என்கிறது, இன்னொரு கூட்டம் 'இது அசிங்கம்' என்கிறது. அந்தப் படத்துக்குக் கீழே இருந்த கமெண்டுகளை உங்களுக்கு முன்பே அவள் படித்திருப்பாள். முன்பின் தெரியாதவர்கள் எழுதியதையே அம்மாவும் போனில் சொன்னால் என்ன செய்வாள்? 'ம்' என்பாள்.

இதற்காக உங்களைக் குற்றவாளி ஆக்க எனக்கு மனமில்லை. 41 பேர் மௌனமாக இருந்த அந்த இரண்டு மணி நேரம் உங்களை எப்படி அறுத்திருக்கும் என்று புரிகிறது. மகள் ஆடினாள், ஆனால் பரீட்சை எழுதியது நீங்கள். வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் அம்மாக்களை ஊர் எப்போதுமே ஒரு கண் வைத்துப் பார்க்கிறது. அந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் அவள் தலையில் வைத்துவிட்டீர்கள். நடக்கக்கூடியதுதான்.

அந்த ஆட்டம் உங்களுக்குப் பிடித்தாக வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. முழுசாகப் பார்த்துவிட்டு, 'எனக்கு இந்த உடை ஒப்பவில்லை' என்று அவளிடமே சொல்லலாம். அது உங்கள் ரசனை, அதற்காக நீங்கள் பத்தாம்பசலி ஆகிவிட மாட்டீர்கள். பார்க்காமல் சொன்னதுதான் அவளைச் சுட்டது.

ஓர் அம்மா இந்த விஷயத்தில் உண்மையிலேயே கவலைப்பட வேண்டியவை வேறு, உங்கள் கடிதத்தில் அவை இல்லவே இல்லை. உடம்பின் தோற்றத்தையும் சேர்த்து மதிப்பிடும் ஜிம்னாஸ்டிக்ஸ், ஃபிகர் ஸ்கேட்டிங், நடனம் போன்றவற்றில் இருக்கும் பெண்களுக்குச் சாப்பாட்டுக் கோளாறுகள் வரும் ஆபத்து கூடுதல். அவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போகிறதா? முட்டியிலோ கணுக்காலிலோ வலியை மறைத்துக்கொண்டு ஆடுகிறாளா? எடையைப் பற்றிப் பயிற்சியாளர் ஏதாவது சொல்கிறாரா? விடிகாலைப் பயிற்சியும் படிப்பும் போகத் தூக்கத்துக்கு எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது? அந்தப் படம் பரவியதிலிருந்து யாராவது அவளுக்கு அசிங்கமாகச் செய்தி அனுப்புகிறார்களா? இதையெல்லாம் கேட்கிற உரிமை உங்களுக்கு முழுசாக உண்டு. ஆனால் உடையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் வரை இதில் ஒன்றுக்கும் உண்மையான பதில் வராது.

கணவரின் யோசனை வேண்டாம். பணத்தை நிறுத்தினால் அவள் வரலாம், தோற்றவளாக வருவாள். அல்லது கடன் வாங்கிக்கொண்டு வராமலே இருப்பாள். இரண்டில் எது நடந்தாலும் எண்ணெய் தேய்க்க உங்கள் மடிக்குக் கால் வராது. அவர் கோபத்துக்குள்ளும் உங்களுடைய வெட்கம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு ராத்திரி அந்த இரண்டு நிமிடத்தைப் போடுங்கள். போனில் வேண்டாம், டிவியில் போட்டுப் பாருங்கள். முதல் தடவை உங்கள் கண் உடையிலேயே நிற்கும், பரவாயில்லை. இரண்டாம் தடவை உங்கள் மகளின் பாதத்தை மட்டும் பாருங்கள். வீட்டில் வேறு யாரையும் விட உங்களுக்குத் தெரிந்த பாதம் அது. மூன்றாம் தடவை, ஆட்டம் முடிந்து விளக்கு அணைவதற்கு முன் அவள் முகத்தைப் பாருங்கள்.

பிறகு அவளுக்கு எழுதுங்கள். நீளமான மன்னிப்பெல்லாம் வேண்டாம், 'ஆனால்' என்று ஒரு சொல் வந்தாலும் கெட்டுவிடும். 'முழுசா பாத்தேன். அன்னைக்குப் பாக்காம பேசினது தப்பு. அந்தச் சுத்துல கால் எப்படி இறங்காம நிக்குது?' என்கிற அளவு போதும். பதில் வர நாலு நாள் ஆகலாம். ஐந்து வாரத்துக் கோபத்துக்கு அது அதிகமில்லை. அடுத்த தடவை மைதானத்தில் ஆடும்போது, முடிந்தால் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள்.

அணியிலிருந்து விலகுவதை அவளே முடிவு செய்யட்டும். 19 வயதில் விலகச் சொல்லி விலக்கப்பட்ட ஒன்றை ஆயுளுக்கும் ஆடிக்கொண்டிருப்பார்கள், மனசுக்குள். என்னிடம் வருகிறவர்களில் அறுபது வயதுக்காரர்களிடமும் பார்த்திருக்கிறேன்.

சொந்தக்காரர்கள் விஷயம் சின்னது. நீங்களே அந்த முழு வீடியோவை குரூப்பில் போடுங்கள், 'எங்க பொண்ணோட டீம், தேசியப் போட்டியில்' என்று ஒரு வரியோடு. மகளிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். மறுபடியும் காலை வணக்கம்தான் வரும், வந்துவிட்டுப் போகட்டும். மாமியாருக்கு மட்டும் தனியாக ஒரு போன். வர்ணத்துக்குக் கண்ணைத் துடைத்தவர், அவருக்கு ஆட்டம் தெரியும். அவர் உங்களிடம் கேட்டதும் ஒரே ஒரு கேள்விதான். அந்த டிரஸ் அணிக்கானது, அத்தனை பேருக்கும் ஒரே மாதிரிதான் என்று சொல்லுங்கள்.