நாற்பது பேர் சேர்ந்தார்கள், ஐந்து பேர்தான் வருகிறார்கள்

கேள்வி: அக்கா, நான் ராமநாதபுரம் பக்கம் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். போன வருடம் நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து கேம் டெவலப்மென்ட் கிளப் ஆரம்பித்தோம். முதல் நாள் நாற்பது பேர் வந்தார்கள், இப்போது ஐந்து பேர். கேம் செய்யும் மென்பொருளான யூனிட்டியைச் சொல்லிக்கொடுக்கலாம் என்றால் லேப் சிஸ்டத்தில் திறக்கவே மாட்டேன் என்கிறது. ஆளாளுக்கு ஜிடிஏ மாதிரி, பப்ஜி மாதிரி என்கிறார்கள், ஒன்றும் முடிந்தபாடில்லை. பெண் பிள்ளைகள் நாலரை பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கூட ஆரம்பித்த இருவரும் ஒரு கேம் விஷயத்தில் முட்டிக்கொண்டு பேசுவதில்லை. ஹெச்ஓடி, 'இதனால் பிளேஸ்மென்ட்டுக்கு என்ன பிரயோஜனம், காலேஜுக்கு ஒரு ஆப் செய்து கொடுங்கள்' என்கிறார். வீட்டில் கேம் என்றாலே ரம்மி என்று நினைக்கிறார்கள். மூடிவிடலாமா?
பெயர் வேண்டாம், மண்டபம்.

பதில்: தம்பி, மூடாதே. ஐந்து பேர்தான் என்று நீ வருத்தப்பட்டு எழுதியிருக்கிறாய், எனக்கு அது அப்படியொன்றும் மோசமாகப் படவில்லை. முதல் நாள் வந்த நாற்பதில் பாதிப் பேர் லேப்பில் ஃப்ரீ ஃபயர் ஆடலாம் என்று நம்பி வந்திருப்பார்கள், இன்னும் கொஞ்சம் பேர் சர்டிபிகேட் கிடைக்கும் என்று, மிச்சம் நோகாமல் நொங்கு தின்ன வந்த கூட்டம். வடிகட்டி ஐந்து பேர் நிற்கிறார்கள் என்றால் ஒரு சின்ன கேமுக்கு அது தாராளம்.

உன் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு ஒரு வரி. 'ஒன்றும் முடிந்தபாடில்லை.' நீ எழுதிய மற்ற எல்லாத் தொல்லையும் இதிலிருந்துதான் கிளம்புகிறது என்று நினைக்கிறேன். கையில் காட்ட ஒரு கேம் இல்லாததால் ஹெச்ஓடி பிரயோஜனம் கேட்கிறார், வீட்டில் ரம்மி என்கிறார்கள், ஜூனியர் பிள்ளைகளுக்கு அடுத்த வாரம் எதற்கு வர வேண்டும் என்று தெரியவில்லை, முடியாமல் கிடக்கிற கேமுக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடுகிறார்கள். அதனால் இனி மூன்று மாதத்துக்குப் பாடம் நடத்துவதை நிறுத்து. யூடியூபில் இல்லாத பாடம் எதையும் நீ நடத்தப்போவதில்லை. மாதம் ஒரு கேம், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி, எவ்வளவு அசட்டுத்தனமாக இருந்தாலும் சரி, மாதக் கடைசியில் அது ஓட வேண்டும், கிளப்பில் இல்லாத யாராவது ஒருவர் அதை ஆடிப் பார்த்திருக்க வேண்டும். கிளப்புக்கு இது ஒன்றுதான் சட்டம்.

ஜிடிஏ ஆசைக்கு வருவோம். 2013-இல் வந்த ஐந்தாவது ஜிடிஏவை ஆயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்து வருடக்கணக்கில் செய்தார்கள். அதே 2013-இல்தான் வியட்நாமில் ஒரே ஆள் இரண்டு மூன்று நாளில் செய்த ஃப்ளாப்பி பேர்டும் வந்தது, மறுவருடத் தொடக்கத்தில் உலகமே அதை விரலால் தட்டிக்கொண்டிருந்தது. உன் பையன்களிடம் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டு. ஒரு விரல், ஒரு குருவி, நாலு குழாய். அதைத் திரும்பச் செய்யச் சொன்னாலே முதல் தடவை இரண்டு வாரம் இழுக்கும், குருவி குழாய்க்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடும், ஸ்கோர் ஏறாது, தோற்ற பிறகு மறுபடி ஆரம்பிக்க வழி இருக்காது. அதையெல்லாம் சரிசெய்து முடித்தவனுக்குத்தான் கேம் செய்வது என்றால் என்ன என்று புரியும்.

அதற்கும் முன்னால் முதல் கூட்டத்தில் கம்ப்யூட்டரே வேண்டாம் என்பேன். தரையில் சாக்பீஸால் ஆடு புலி ஆட்டம் வரையுங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு புலியை நாலாக்கு. என்ன ஆகிறது? ஆடு வைத்திருப்பவன் ஐந்து நிமிடத்தில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வான். சரி, ஆட்டை இருபதாக்கு. இப்போது புலி நகர இடமில்லாமல் மூலையில் திணறும். எத்தனை ஆடு இருந்தால் இரண்டு பக்கமும் நெஞ்சு பதறும் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். பெரிய ஸ்டுடியோக்களில் இந்த வேலைக்கு பேலன்சிங் என்று பெயர், அதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். கோடிங் வராத தமிழ்த்துறைப் பிள்ளை, கணக்குத் துறைப் பிள்ளை எல்லாம் இந்த இடத்தில்தான் உள்ளே வருவார்கள், அவர்களை விட்டுவிடாதே, கதை எழுதவும் லெவல் வரையவும் ஆள் வேண்டும்.

சிஸ்டம் பிரச்சினைக்கு வழி இருக்கிறது. யூனிட்டியை விட்டுவிட்டு அதே வேலையைச் செய்யும் கோடோ என்கிற மென்பொருளுக்கு மாறு. ஜிப் கோப்பு நூறு எம்பிக்குள்தான் வரும், பிரித்து எக்ஸ்இயைத் திறந்தால் போதும், இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை, அதனால் லேப் அசிஸ்டென்ட்டிடம் அட்மின் பாஸ்வேர்டுக்குக் கெஞ்ச வேண்டியதும் இல்லை, பென்டிரைவிலிருந்தே ஓடும். அதில் கோட் எழுதும் மொழியான ஜிடிஸ்கிரிப்ட் பார்ப்பதற்கு பைதான் ஜாடையில் இருக்கும், பைதான் கொஞ்சம் தொட்டவர்களுக்குச் சீக்கிரம் பிடிபடும். ஓப்பன் சோர்ஸ், எம்ஐடி லைசென்ஸ், யாரும் நாளைக்கு வந்து காசு கேட்க முடியாது. (யூனிட்டி 2023 செப்டம்பரில் இன்ஸ்டாலுக்கு இவ்வளவு என்று கட்டணம் அறிவித்து, எல்லோரும் கொதித்துப்போய், ஒரு வருடம் கழித்துக் கைவிட்டார்கள். மாணவர்களை அது தொட்டிருக்காதுதான், ஆனாலும் அடுத்தவர் வீட்டுத் திண்ணை அடுத்தவர் வீட்டுத் திண்ணைதான்.) லேப்டாப் இல்லாத பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்ட் போனிலேயே ஓடும் கோடோ எடிட்டரும் உண்டு. சின்ன ஸ்கிரீனில் கண் வலிக்கும், ஒன்றுமில்லாததற்கு அது மேல்.

இதில் ஒரு சிக்கல் மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள். பழைய சிஸ்டத்துக்கு கோடோ 3 இதமாக ஓடும், ஆனால் அதில் தமிழ் சரியாக வராது. 'தென்கடல்' என்று போட்டால் கொம்பு 'த'வுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கும். 2023-இல் வந்த நான்காம் பதிப்பில்தான் நம் எழுத்தெல்லாம் ஒழுங்காகச் சேர்ந்து வருகிறது, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை உள்ளே போட்டால் போதும். ஆகவே நாலுக்கே போ, புராஜெக்ட் தொடங்கும்போது கம்பாட்டிபிலிட்டி என்கிற ரெண்டரரை (திரையில் படம் வரையும் முறை) தேர்ந்தெடு, லேப்பில் எந்தெந்த சிஸ்டத்தில் அது திறக்கிறது என்று ஒருநாள் உட்கார்ந்து பார்த்து, திறக்கிற சிஸ்டத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடு. எல்லோரும் ஒரே பதிப்பு வைத்திருக்க வேண்டும், ஒருவன் ஆர்வக்கோளாறில் புதுப் பதிப்பில் திறந்து சேமித்துவிட்டால் மற்றவர்களிடம் திறக்காமல் போகலாம். கேமை மற்றவர்கள் ஆடுகிற கோப்பாக மாற்றுவதற்கான எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட் கிட்டத்தட்ட ஒரு ஜிபி வரும், அதை யாராவது ஒருவர் வீட்டு வைஃபையில் இறக்கி பென்டிரைவில் கொண்டுவந்துவிடுங்கள், கல்லூரி நெட்டை நம்பி மாதக் கடைசி நாளில் உட்காராதீர்கள்.

என்ன கேம் செய்வது? நீ மண்டபத்துக்காரன், இதை என்னிடம் கேட்கலாமா? வாடைக் காற்று காலத்தில் வடகடல் கொந்தளித்தால் தென்கடலில் தொழில் பார்ப்பதும், தென்மேற்குக் காற்று எடுத்தால் வடகடலுக்குப் படகைத் திருப்புவதும் உங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குத் தெரியும். அதுவே ஒரு கேம். நடுவில் பாம்பன், மேலே ஒரு கடல், கீழே ஒரு கடல், காற்று மாறிக்கொண்டே இருக்கிறது, கையில் ஒரு வல்லம், டீசலுக்குக் கணக்கு, எந்தப் பக்கம் வலை போடுவாய்? வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், 2022-இல் கடல் பசுவுக்கென்று காப்பகம் அறிவித்திருக்கிறார்கள், வலையில் கடல் பசு மாட்டினால் வலையை அறுத்து அதை விட்டுவிட வேண்டும், வலைக்கு நஷ்டம், என்று ஒரு விதி சேர்த்தால் ஆடுபவன் ஒரு கணம் யோசிப்பான். சத்தத்துக்கு எங்கும் போக வேண்டாம், பாலத்தடியில் போனை நீட்டினால் காற்றும் வல்லத்தின் எஞ்சினும் கிடைக்கும், ஆடாசிட்டி என்கிற ஒலி மென்பொருளில் வெட்டிக்கொள். படம் வரைய ஆளில்லை என்றால் கென்னி தளத்தில் காப்புரிமைத் தொல்லை இல்லாத படங்கள் குவிந்து கிடக்கின்றன, படகை மட்டும் நீங்களே வரையுங்கள், வெளிநாட்டுப் பாய்மரக் கப்பலை வைத்துவிட்டு வல்லம் என்றால் ஊரில் சிரிப்பார்கள்.

செய்ததை ஊரிலேயே கொடுத்துப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில்தான், ஆட்கள் வலை பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். போனைக் கையில் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காதே. இதுதான் கஷ்டம். 'அண்ணே அங்க தொடணும்' என்று சொல்ல நாக்கு துடிக்கும், சொல்லாதே, கட்டைவிரல் எங்கே போகிறது என்று மட்டும் பார். ஸ்டார்ட் பட்டனை விட்டுவிட்டு படகையே அழுத்திக்கொண்டிருக்கிறாரா? அப்படியானால் படகை அழுத்தினால் ஆரம்பிக்கிற மாதிரி மாற்று, அவரை மாற்றப் பார்க்காதே. காற்று தப்பு, இந்த மாதத்தில் இப்படி வீசாது என்று திட்டுவார். அதை எழுதிக்கொள், எந்த யூடியூபிலும் கிடைக்காது.

பஸ் விஷயம். நாலரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பிள்ளையை ஆறு மணிக் கூட்டத்துக்கு வரவில்லை என்று குறை சொல்லும் கிளப், பையன்கள் கிளப்பாகத்தான் முடியும். வாரம் ஒருநாள் கடைசிப் பீரியடைக் கேட்டு வாங்கு, மூன்றரைக்கு ஆரம்பித்து நாலே காலுக்கு முடித்துவிடு. கேம் ஜாம் (குறித்த நேரத்துக்குள் ஒரு கேமைச் செய்து முடிக்கும் கூட்டம்) என்றாலும் ராத்திரி முழுக்க லேப்பில் கிடந்தால்தான் ஜாம் என்றில்லை. 2009-இலிருந்து ஜனவரிக் கடைசியை ஒட்டி நடக்கும் குளோபல் கேம் ஜாமில் வெகுகாலம் 48 மணி நேரக் கணக்குதான், அதைப் பார்த்து நீங்களும் அப்படியே செய்ய வேண்டும் என்று யாரும் அடிக்கப்போவதில்லை. அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமை, காலை ஒன்பதரை முதல் மூன்றரை, நடுவில் சாப்பாடு. தலைப்பை அன்று காலைதான் சொல்ல வேண்டும். இந்த மாதிரி ஒன்று நடத்திப் பழகிவிட்டு ஜனவரிக்குப் பெரியதில் இறங்குங்கள். முடித்த கேமை இட்ச் ஐஓ என்கிற கேம் தளத்தில் ஏற்ற காசு கிடையாது, பிரௌசரிலேயே ஆடலாம். பிளே ஸ்டோர் ஆசையைக் கொஞ்சம் தள்ளி வை, 25 டாலர் ஒருமுறை கட்ட வேண்டும், புதுத் தனிநபர் கணக்கு என்றால் 12 பேரை 14 நாள் தொடர்ந்து டெஸ்ட் செய்ய வைக்க வேண்டும் என்று வேறு சொல்கிறார்கள்.

சண்டை போட்ட நண்பர்கள் இருவரையும் சமாதானம் செய்ய நீ பஞ்சாயத்து வைக்காதே. அந்தக் கேமை அப்படியே கிடப்பில் போடச் சொல், அடுத்த மாதம் ஆளுக்கொரு அணியில் போடு. இனி எந்தக் கேம் தொடங்கினாலும் முதல் நாளே ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: யார் கோடிங், யார் படம், யார் சத்தம், இருவருக்கு ஒத்துவராவிட்டால் யார் சொல்வது முடிவு, யாராவது பாதியில் போனால் அவர் செய்தது கேமில் இருக்குமா. கோட் ஒருத்தர் லேப்டாப்பில் மட்டும் இருக்கக் கூடாது, அதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம். கோடைச் சேர்த்துவைக்கும் கிட்ஹப் தளத்தில் கிளப் பெயரில் ஒரு கணக்கு, கிளப்புக்கென்று தனி மின்னஞ்சல்.

நீ மூன்றாம் ஆண்டு என்பதை நீயே மறந்துவிட்டாய் போலிருக்கிறது. தேர்வு முடிந்தால் நீ வெளியே. ஆரம்பித்தவன் போனதும் படுத்துக்கொண்ட மாணவர் கிளப்புகள் எத்தனையோ. வருகிற ஐந்து பேரில் இரண்டாம் ஆண்டு யார்? அடுத்த கேமை அவள் நடத்தட்டும், நீ அவள் சொன்னதைச் செய். நீ ஒரு வாரம் வராமலும் இருந்து பார். கூட்டம் நடந்ததா என்று மட்டும் விசாரி.

வீட்டுக்கு நீளமாக விளக்கம் சொல்ல வேண்டாம். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் தடுப்பது பணம் கட்டி ஆடுவதை, நீ செய்வது அதில் சேராது என்று ஒருமுறை சொல். அப்புறம் உன் கேமை அம்மா போனில் போட்டுக் கொடுத்துவிடு.

ஹெச்ஓடி கேட்கும் ஆப். அதை ஏற்றுக்கொண்டால் அட்மிஷன் ஆப் வரும், அப்புறம் ஆண்டுவிழா போஸ்டர் வரும், கல்லூரி வெப்சைட்டில் போட்டோ மாற்றும் வேலை வரும், கிளப் போய்விடும். முகத்துக்கு நேரே மாட்டேன் என்றும் சொல்ல முடியாது, இன்டர்னல் மார்க் அவர் கையில். இப்படிப் போ: முடித்த கேம் ஒன்றை, ஒன்றே போதும், போனில் ஏற்றி எடுத்துக்கொண்டு போய் அவரை ஆட விடு. ஆடி முடித்ததும், 'சார், இதில் வேலை செய்த ஐந்து பேர் ரெஸ்யூமிலும் இந்த லிங்க் இருக்கும், இன்டர்வியூவில் திறந்து காட்டலாம், அடுத்த செமஸ்டரில் இன்னும் நாலு செய்கிறோம், புதன்கிழமை கடைசிப் பீரியட் லேப் சாவி மட்டும் கொடுங்கள்' என்று கேள். ஆப் பேச்சை மறுபடி எடுத்தால் நல்லதாக ஒரு மூன்றாம் ஆண்டு புராஜெக்ட் டீமைக் கைகாட்டு, அவர்களுக்கும் புராஜெக்ட் தலைப்பு கிடைக்காமல்தான் திண்டாடுவார்கள்.