200 பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் ஆவண மேலாண்மை மென்பொருள் நிறுவ எவ்வளவு பெரிய சர்வர் வாங்க வேண்டும்?

200 பேர் என்ற எண்ணை வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்கு யாரும் சரியான பதில் சொல்ல முடியாது. உங்கள் அலுவலகத்தில் நெருக்கடியான ஒரு நாளில், நெருக்கடியான இரண்டு மணி நேரத்தில் எத்தனை தாள்கள் உள்ளே வருகின்றன? அவற்றை எத்தனை ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்? இந்த இரண்டும் தெரிந்தால் மீதியைக் காகிதத்தில் கணக்குப் போட்டுவிடலாம்.

நான் கம்பத்தைச் சேர்ந்தவன். குமுளியில் உள்ள ஓர் ஏலக்காய் நிறுவனத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். காலையில் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும் நேரத்தில் நானும் பஸ் ஏறுகிறேன். எங்களிடம் வரும் தாள்கள் மூன்று மொழிகளில் இருக்கும். தோட்டத்துக் கணக்கு பெரும்பாலும் தமிழில், நிலப் பட்டயமும் பஞ்சாயத்துக் கடிதமும் மலையாளத்தில், புத்தடியிலும் போடியிலும் நடக்கும் ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலத்தின் பட்டியல்கள் ஆங்கிலத்தில். எடைச்சீட்டு, ஆட்களின் வருகையைக் குறிக்கும் செக்ரோல், லாரிக்கான இ-வே பில், ஆய்வக அறிக்கை என்று வகைகள் நீளும்.

எங்களுக்கு மென்பொருள் விற்க வந்தவரும் ஆட்களின் எண்ணிக்கையைத்தான் கேட்டார். அவர் கையில் ஓர் அட்டவணை இருந்தது. 200 பேர் வரை 4 கோர் (தனித்தனியாகக் கணக்கிடும் செயலிப் பகுதிகள்), 16 ஜிபி ரேம், 2 டெராபைட் வட்டு. பங்குனியில் நிறுவினோம். வைகாசி வரை மிக நன்றாக ஓடியது. ஆடி பிறந்து காய் எடுப்பு தொடங்கியதும் மாலை ஐந்து மணிக்கு மேல் தேடல் பக்கம் திறக்கவே இல்லை. ஒரு நாள் மலையிறங்கிய எங்கள் லாரியை லோயர் கேம்ப் அருகே சோதனைக்கு நிறுத்தினார்கள். ஓட்டுநர், சரக்குக்கான இன்வாய்ஸின் நகலைக் கேட்டுத் தொலைபேசியில் காத்திருந்தார். அந்த நகல் எங்கள் சர்வரில்தான் இருந்தது. திறப்பதற்கு நாற்பது நிமிடங்கள் ஆயின. சரக்கோடு இருட்டில் நின்ற அந்த மனிதரின் குரலை நான் மறக்கவில்லை. கொள்ளளவைத் தவறாகக் கணித்தால் அதன் பாரம் போய்ச் சேருவது அவரைப் போன்ற ஒருவர் மேல்தான்.

ஆட்களின் எண்ணிக்கை ஏன் ஏமாற்றுகிறது என்று பாருங்கள். 200 பேரில் நெருக்கடி நேரத்தில் 60 பேர் திரைமுன் இருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் சராசரியாக 20 நொடிக்கு ஒருமுறை ஏதாவது ஒன்றை அழுத்துகிறார். நொடிக்கு 3 கோரிக்கைகள். ஒவ்வொன்றையும் முடிக்க 0.4 நொடி என்றால், எந்தக் கணத்திலும் சர்வரின் கையில் இருப்பது 1.2 கோரிக்கைகள்தான். வருகை வேகத்தைத் தங்கும் நேரத்தால் பெருக்கினால் உள்ளே இருப்பவற்றின் எண்ணிக்கை கிடைக்கும். ஜான் லிட்டில் என்ற ஆய்வாளர் 1961-இல் நிறுவிய விதி இது. ஆக, மனிதர்கள் தரும் சுமை சிறியது. சர்வரை அழுத்துவது அவர்கள் உள்ளே போடும் தாள்.

ஒரு தாள் உள்ளே வந்ததும் மென்பொருள் அதன் முன்தோற்றப் படத்தை உருவாக்குகிறது, படத்திலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்கிறது, எந்தச் சொல் எந்தத் தாளில் இருக்கிறது என்று காட்டும் தேடல் அட்டவணையில் அவற்றைச் சேர்க்கிறது. இவற்றில் பெரிய வேலை ஓசிஆர் எனப்படும் எழுத்துணர்வு. அதற்கு நாங்கள் டெசராக்ட் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றையும் சேர்த்துப் படிக்கும்படி அமைத்திருந்தபோது எங்கள் கணினியில் ஒரு பக்கத்துக்கு ஒரு கோரில் சுமார் 9 நொடி பிடித்தது. தோட்டங்கள் எல்லாம் ஐந்து மணிக்கு மேல்தான் ஸ்கேன் செய்து அனுப்பும். இரண்டு மணி நேரத்தில் 4,000 பக்கங்கள் என்றால் 36,000 நொடி வேலை. கையில் இருப்பதோ 7,200 நொடி. ஓசிஆருக்கு மட்டும் 5 கோர் வேண்டும். எங்களிடம் இருந்ததே நான்கு.

சரி, 5 கோர் வாங்கினால் போதுமா என்றால், போதாது. ஏலக்காய் ஸ்டோரில் எடைமேடை ஒன்றுதான் இருக்கும். பச்சைக்காய் மூட்டைகள் சீராக வந்தால் பிரச்சினை இல்லை. மூன்று ஜீப் ஒன்றாக வந்து நின்றால் வரிசை வாசலைத் தாண்டும். சர்வரிலும் இதே கதைதான். எளிய வரிசைக் கணக்குப்படி, பாதி நேரம் வேலையாக இருக்கும் கோரில் ஒரு வேலை முடிய இயல்பான நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஆகும். 80 விழுக்காடு என்றால் ஐந்து மடங்கு, 90 என்றால் பத்து மடங்கு. கோர்கள் பல இருந்தால் இந்த ஏற்றம் சற்றுத் தள்ளிப்போகுமே தவிர நீங்கிவிடாது. ஆகவே உச்ச நேரத்தில் 60, 65 விழுக்காட்டுக்கு மேல் போகாதபடி திட்டமிடுங்கள். எங்கள் கணக்கில் அது ஓசிஆருக்கு மட்டும் 8 கோர்.

ஆனால் நாங்கள் 8 கோர் வாங்கவில்லை. தாள்களை வகை பிரித்தோம். செக்ரோலுக்குத் தமிழ் மட்டும், ஏலப் பட்டியலுக்கு ஆங்கிலம் மட்டும், பட்டயத்துக்கு மலையாளம் மட்டும் என்று அமைத்ததும் பக்கத்துக்கு 4 நொடியானது. இப்போது தேவை 2.2 கோர்தான். இன்னொரு சிறு அமைப்பும் கைகொடுத்தது. டெசராக்ட் ஒரே பக்கத்துக்கு நான்கு இழைகள் (ஒரே சமயத்தில் ஓடும் வேலைக் கிளைகள்) வரை எடுத்துக்கொள்ளும். பல பக்கங்களை ஒன்றாக ஓட்டும்போது இழைகள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. ஒரு பக்கத்துக்கு ஓர் இழை என்று கட்டுப்படுத்தினால் மொத்த வேகம் கூடுகிறது. அதன்பின் ஓசிஆரைத் தனிக் கணினிக்கு மாற்றிவிட்டோம். அந்தக் கணினி திணறினாலும் தேடல் பக்கம் திறக்கும். பணம் குறைவாக இருந்தால், நீங்கள் முதலில் செய்ய வேண்டியது இந்தப் பிரிப்புதான்.

அடுத்தது வட்டு. ஏ4 தாளை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் செய்தால் 2480-க்கு 3508, அதாவது சுமார் 87 லட்சம் புள்ளிகள். சுருக்காத வண்ணப் படமாக அது 26 எம்பி. வண்ணத்தில் ஜேபெக் ஆகச் சுருக்கினால் எங்களுக்குச் சராசரியாக 700 கேபி வருகிறது. கறுப்பு வெள்ளையில் குரூப் 4 முறையில் சுருக்கினால் 50 கேபி. ஆண்டின் உச்சப் பருவத்தில் 150 நாட்கள், நாளுக்கு 6,000 பக்கங்கள். மீதி 150 வேலை நாட்களில் 1,500 பக்கங்கள் என்று கொண்டால் ஆண்டுக்கு 11.25 லட்சம் பக்கங்கள். கம்பெனிச் சட்டம் கணக்குப் புத்தகங்களை அவற்றுக்கான சான்றுச் சீட்டுகளோடு 8 ஆண்டுகள் வைக்கச் சொல்கிறது. ஜிஎஸ்டி சட்டப்படி, அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையின் கெடுநாளிலிருந்து 72 மாதங்கள். எட்டு ஆண்டு என்றே வைத்தால், எல்லாம் கறுப்பு வெள்ளை என்றால் 450 ஜிபி. எல்லாம் வண்ணம் என்றால் 6.3 டெராபைட். முத்திரை தெரிய வேண்டும் என்று ஸ்கேனரில் யாரோ ஒருவர் வண்ணத்தைத் தேர்ந்ததனால் வரும் வேறுபாடு இது. பட்டயமும் குத்தகைப் பத்திரமும் வண்ணத்தில் இருக்கட்டும். அவை என்றைக்கும் வேண்டியவை. எடைச்சீட்டுக்கு வண்ணம் தேவையில்லை.

கலவையாக 2 டெராபைட் வருகிறது என்று கொள்ளுங்கள். முன்தோற்றம், பழைய பதிப்புகள், தேடல் அட்டவணை, யார் எதைத் திறந்தார்கள் என்ற பதிவேடு எல்லாவற்றுக்கும் நான் 40 விழுக்காடு சேர்க்கிறேன், 2.8 ஆகிறது. வட்டு முக்கால் பங்குக்கு மேல் நிறையக் கூடாது என்பது என் வழக்கம்; 3.7 ஆகிறது. ஒவ்வொரு வட்டுக்கும் இணையாக இன்னொன்று வைக்கும் ரெய்டு 10 என்றால் ஏறக்குறைய 7.5 டெராபைட் வாங்க வேண்டும். எட்டு ஆண்டுக்கும் சேர்த்து இன்றே வாங்க வேண்டியதில்லை. மூன்று ஆண்டுக்கு வாங்கி, மேலும் வட்டுகள் செருக இடம் உள்ள பெட்டியாகப் பாருங்கள்.

தமிழ் ஆவணங்களுக்கென்று ஒரு கணக்கு உண்டு. விற்க வருபவர்களின் அட்டவணைகளில் அது இருக்காது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட்டு, தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டு. 'கார்டமம்' என்று ஆங்கிலத்தில் எழுத 8 எழுத்து, 8 பைட்டு. 'ஏலக்காய்' என்பதிலும் புள்ளியும் காலும் சேர்த்து 8 குறியீடுகள்தான். ஆனால் 24 பைட்டு. மலையாளமும் அப்படியே. பிரித்தெடுத்த உரைக்கும் தேடல் அட்டவணைக்கும் ஆங்கிலத்தை வைத்துச் சொன்ன அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மாதிரியை ஏற்றி அளந்து பாருங்கள்.

இன்னோர் இடத்திலும் நாங்கள் அடிபட்டோம். ஒரு நாள் சர்வர் 'வட்டில் இடம் இல்லை' என்றது. பார்த்தால் பாதிக்கு மேல் காலி. வட்டைத் தயார் செய்தவர் பெரிய கோப்புகளுக்கான அமைப்பைத் தேர்ந்திருந்தார். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறையில் எத்தனை கோப்புகள் வைக்கலாம் என்பது வட்டைத் தயார் செய்யும்போதே முடிவாகிவிடும். வழக்கமான அமைப்பில் 16 கேபி இடத்துக்கு ஒரு கோப்பு; 2 டெராபைட்டில் 12 கோடிக்கு மேல் வைக்கலாம். 4 எம்பிக்கு ஒன்று என்று தேர்ந்தால் வெறும் 4.8 லட்சம். பக்கத்துக்கு மூன்று சிறு கோப்புகள் உருவாகும் மென்பொருளில் உச்சப் பருவத்தில் அது நாலைந்து வாரங்களுக்கு மேல் தாங்காது. இடத்தைக் கண்காணிப்பதுபோல, ஐநோடு எனப்படும் இந்தக் கோப்பு எண்ணிக்கையையும் கண்காணியுங்கள்.

ரேமைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. எலாஸ்டிக்சர்ச் போன்ற தேடல் எஞ்சினுக்கு இருக்கும் ரேமில் பாதிக்கு மேல் ஒதுக்காதீர்கள். மீதி இயங்குதளம் கோப்புகளை நினைவில் வைத்திருக்க உதவும். தரவுத்தளமும் தேடல் அட்டவணையும் வேகமான எஸ்எஸ்டி வட்டில் இருக்கட்டும். மூலப் படங்களுக்குச் சாதாரண வட்டு போதும்.

பேக்கப்புக்கு மட்டும் ஒரு நாள் முழுக்க ஒதுக்கி யோசியுங்கள். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில், குமுளி இருக்கும் இடுக்கி மாவட்டம் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் நாங்கள். மண் சரிந்து சாலை அடைபடும் மாவட்டத்தில் சர்வரும் அதன் நகலும் ஒரே கட்டடத்தில் இருக்கக் கூடாது என்று முதலாளியிடம் பிடிவாதமாகச் சொன்னேன். நகல் கம்பத்துக் கிளையில் இருக்கிறது. எங்கள் இணைப்பு நொடிக்கு 20 மெகாபிட். 2 டெராபைட்டை அதன் வழியே அனுப்பினால் 9 நாட்களுக்கு மேல் ஓட வேண்டும், அதுவும் மழையில் இணைப்பு அறுபடாமல் இருந்தால். முதல் நகலை வட்டில் எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மலையிறங்கினேன். அன்றாடம் சேர்வது 2 ஜிபிக்குள் இருப்பதால் இரவில் இணைப்பு வழியே போய்விடுகிறது.

திரும்ப எடுப்பதற்கும் நேரம் கணக்கிடுங்கள். மாசியில் காய் எடுப்பு ஓய்ந்தபின் கம்பத்தில் வெற்றுக் கணினி ஒன்றில் எல்லாவற்றையும் மீட்டுப் பார்க்கிறோம். முதல் முறை படங்கள் எல்லாம் ஒரே பகலில் வந்துவிட்டன. தேடல் அட்டவணையை நகலில் சேர்க்காததால் அதைப் புதிதாக உருவாக்க மேலும் இரண்டு நாட்கள் ஓடின. இப்போது அதையும் சேர்த்து எடுக்கிறோம்.

விலைப்பட்டியல் கேட்பதற்கு முன் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் தொழிலின் உச்ச வாரமாக இருக்க வேண்டும். சாதாரண வாரம் உதவாது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு நோட்டு வைத்து, எந்த வகைத் தாள், எத்தனை பக்கம், எந்த மணி, எந்த மொழி என்று எழுதச் சொல்லுங்கள். விற்க வருபவரிடம் முதலில் அந்த நோட்டைக் கொடுங்கள். பிறகு அவர் தன் அட்டவணையை எடுக்கட்டும்.